விரைவும் மெய்யும்
வகுப்பறை வினாவிளையாட்டுகளின் புள்ளிமுறை பற்றி ஒரு நோக்கு

கொழும்பு மாளிகாவத்தையின் தொடர்மாடிக் குடியிருப்புகளுக்கு அண்மையில், கெத்தாராம மைதானம் என்று மக்களால் இன்றும் அழைக்கப்படும் ஆர். பிரேமதாச விளையாட்டரங்கு அமைந்துள்ளது. 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அங்கு நடைபெற்ற டெஸ்ட் ஆட்டத்தில் இலங்கை அணி இந்திய அணிக்கெதிராக ஆறு விக்கெட்டுகளை மாத்திரம் இழந்து 952 ஓட்டங்களைக் குவித்தது. சனத் ஜயசூரிய 340 ஓட்டங்களையும், ரொஷான் மஹாநாம 225 ஓட்டங்களையும் பெற்றனர். ஐந்து நாட்கள் ஆடியும் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. மஹாநாம தம் ஓட்டங்களைப் பெறுவதற்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட பந்துகளை எதிர்கொண்டார். அதற்காக அவருடைய ஓட்டங்களில் ஒன்றேனும் குறைத்து எழுதப்படவில்லை. பதினைந்து ஆண்டுகளின் பின், 2012 ஒக்டோபர் 7ஆம் திகதி, அதே மைதானத்தில் இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது. மேற்கிந்திய அணியின் 137 ஓட்டங்களைத் துரத்திய இலங்கை 101 ஓட்டங்களுடன் சுருண்டது. முன்னைய ஆட்டத்தில் பொறுமை ஒரு செல்வமாக இருந்தது. பின்னைய ஆட்டத்திலோ, ஓட்டமின்றிக் கழிந்த ஒவ்வொரு பந்தும் கடனாக ஏறியது. மைதானம் ஒன்று, மட்டையும் பந்தும் ஒன்று. ஓட்டத்தின் விலையை மாற்றியது எண்ணும் முறையே.

புள்ளி வழங்கும் முறை எதுவாயினும், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னரே எதனை மதிப்பது, எதனை மதியாது விடுவது என்று அது தீர்த்துவைத்துவிடுகின்றது. விளையாட்டு மைதானத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. டெஸ்ட் ஆட்டத்தின் பொறுமையை இருபது ஓவர் ஆட்டத்தில் எதிர்பார்ப்பவர் இலர். ஆனால் இத்தகைய புள்ளிமுறையொன்று வகுப்பறைக்குள் நுழைந்து, பிள்ளையின் அறிவுக்கு எண் இடும்பொழுது, அந்த எண்ணுக்குள் மறைந்திருக்கும் தீர்ப்பை ஆராய்வார் குறைவு. இணையத்தின் வழியே இன்று வகுப்பறைகளில் ஆடப்படும் வினாவிளையாட்டுகள் அவ்வாராய்ச்சிக்கு மிக ஏற்ற பொருளாகும்.

இவ்விளையாட்டுகளுள் மிகப் பரவலாக அறியப்பட்டது கஹூட். நோர்வே நாட்டின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அல்ப் இங்கே வாங் மேற்கொண்ட முயற்சிகளிலிருந்து கிளைத்து, 2013ஆம் ஆண்டில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது அது. ஆசிரியரின் திரையில் வினா தோன்றும். மாணவர் தத்தம் கைத்தொலைபேசியில் நிறமும் வடிவமும் கொண்ட நான்கு பொத்தான்களுள் ஒன்றை அழுத்துவர். வினா முடிந்தவுடன் முன்னணியில் நிற்கும் ஐவரின் பெயர்கள் திரையில் ஏறும். இறுதியில் மூவர் வெற்றி மேடையில் நிறுத்தப்படுவர். இசையும் ஆரவாரமும் உண்டு. பிள்ளைகள் இதனை விரும்புவதில் வியப்பில்லை.

அதன் புள்ளிக் கணக்கு எளியது. சாதாரண வினாவொன்றுக்கு உச்சப் புள்ளி 1000. விடையளிக்க எடுத்த நேரத்தை வினாவுக்கு வழங்கப்பட்ட நேரத்தால் வகுத்து, வரும் ஈவைப் பாதியாக்கி, அதனை ஒன்றிலிருந்து கழித்து, எஞ்சியதை 1000 ஆல் பெருக்கவேண்டும். இருபது செக்கன் வினாவொன்றில் இரண்டாவது செக்கனில் சரியாக அழுத்தியவருக்கு 950 புள்ளி. பத்தாவது செக்கனில் அழுத்தியவருக்கு 750. மணி ஒலிக்கும் கடைசிக் கணத்தில் அழுத்தியவருக்கு 500. பிழையான விடைக்குப் புள்ளி இல்லை, கழிவும் இல்லை. சுருங்கக் கூறின், விடை சரியாக இருப்பதற்குப் பாதிப் புள்ளி. விரைந்து அழுத்துவதற்கு மறுபாதிப் புள்ளி. மெய்யும் விரைவும் தராசின் இரு தட்டுகளில் சரிசமமாக வைக்கப்பட்டுள்ளன.

சமமாக வைத்தால் என்ன என்று கேட்கலாம். இரு மாணவரைக் கற்பனை செய்துகொள்க. பத்து வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் இருபது செக்கன். முதலாமவர் ஒவ்வொரு வினாவுக்கும் இரண்டாவது செக்கனிலேயே அழுத்துகின்றார். ஆறு விடைகள் சரி, நான்கு பிழை. இரண்டாமவர் ஒவ்வொரு வினாவையும் வாசித்து, நான்கு விடைகளையும் ஒப்பிட்டு, பதினெட்டாவது செக்கனில் அழுத்துகின்றார்; பத்தும் சரி. வேறு மேலதிகப் புள்ளிகள் எவையும் சேராதெனக் கொண்டால், முதலாமவருக்கு 5700 புள்ளி, இரண்டாமவருக்கு 5500. பத்து வினாவுக்கும் விடை அறிந்தவர் பின்னே நிற்க, நான்கு வினாவுக்கு விடை அறியாதவர் மேடையில் ஏறுகின்றார். கணக்கில் தவறில்லை, விதி சொன்னபடியே நடந்துள்ளது.

இதிலும் ஆழமான ஒன்று ஐயத்தைப் பற்றியது. வினாவைக் கண்டவுடன் நான்கு விடைகளுள் இரண்டு பொருந்தா என ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிடுகின்றது. எஞ்சிய இரண்டில் எது என்பதில் ஐயம். அக்கணத்தில் அவர்முன் இரு வழிகள் உள்ளன. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உடனே அழுத்தலாம். இரண்டுக்கு ஒன்று என்ற வாய்ப்பில் சராசரியாக 500 புள்ளியை அண்மிக்கலாம். அல்லது முழு நேரமும் சிந்தித்து, ஐயம் நீங்கி, உறுதியோடு அழுத்தலாம். அதற்கும் 500 புள்ளியே. சிந்தித்ததனால் பெற்ற ஆதாயம் எதுவுமில்லை. சிந்தித்தும் தவறுவதற்குச் சிறிது இடமிருக்குமாயின், சிந்தித்தவருக்கு நட்டம். நான்கு சுற்று ஆடிய பிள்ளைக்கு இதனை எவரும் சூத்திரமாகக் கற்பிக்கவேண்டியதில்லை. விரல் தானே கற்றுக்கொள்ளும்.

நியாய சாத்திரம் வகுத்த பதினாறு பதார்த்தங்களுள் ஐயம் மூன்றாவதாக வைக்கப்பட்டுள்ளது. அளவைகளுக்கும் அவற்றால் அறியப்படும் பொருள்களுக்கும் அடுத்தபடியாக அதற்கு இடம். ஏனெனில் ஆராய்ச்சி ஐயத்திலிருந்தே தொடங்கும். தமிழில் அளவை நூல் செய்தோரும் ஐயத்தைத் திரிபுக் காட்சியிலிருந்து வேறுபடுத்தியே கூறினர். கயிறோ பாம்போ என்று மயங்கி நிற்பவனும், கயிற்றைப் பாம்பென்றே துணிந்தவனும் ஒரே நிலையினர் அல்லர். முன்னவனிடம் தன் அறியாமை பற்றிய அறிவேனும் உண்டு. கஹூட்டின் கணக்கேட்டில் இவ்விருவருக்கும் வேறுபாடு இல்லை என்பதோடு, மயங்கி நிற்பவனிடம் ஒவ்வொரு செக்கனுக்கும் கட்டணமும் அறவிடப்படுகின்றது. இருபது செக்கன் வினாவில் அக்கட்டணம் செக்கனொன்றுக்கு 25 புள்ளி.

மறுபக்கத்தையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும். விரைவு ஓர் ஆற்றலே. தமிழ் மரபு புலவரை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நால்வகைப்படுத்தியபொழுது, கொடுத்த பொருளில் கொடுத்த கணத்திலே பாடுவோரை முதலில் வைத்தது. 1907ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தியபொழுது, ஒரே வேளையில் நூறு விடயங்களில் செலுத்திய கவனத்தையே அவையோர் வியந்தனர். வள்ளுவரும் தெரிந்து செயல்வகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, காலமறிதலுக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். வாய்பாட்டை நினைத்து நினைத்துச் சொல்லும் பிள்ளை வாய்பாட்டை இன்னும் கற்றுமுடிக்கவில்லை என்று ஓர் ஆசிரியர் கூறினால், அதிலும் உண்மை இருக்கின்றது. மருத்துவருக்கும் சாரதிக்கும் விரைந்த தீர்மானம் உயிர் காக்கும் குணமாகும்.

ஆயினும் அந்த மரபினைச் சற்று உற்று நோக்கினால், ஆசுகவிக்குப் பக்கத்திலேயே வித்தாரகவியும் நிற்பது தெரியும். விரித்துப் பாடுபவர் ஆசுகவியின் அரைப்பங்கு பெறுமதியுடையவர் என்று எவரும் மாற்றுவீதம் நிர்ணயிக்கவில்லை. இரு ஆற்றல்கள், இரு பெயர்கள், இரு மதிப்புகள். வினாவிளையாட்டோ இரண்டையும் ஒரே எண்ணாகப் பிசைந்துவிடுகின்றது. 750 புள்ளி பெற்ற பிள்ளையின் எண்ணைப் பார்த்து, அவர் எதனை அறிந்தார், எவ்வளவு விரைந்தார் என்று பிரித்தறிதல் இயலாது. ஒரு வினாவிலேனும் பின்னோக்கிக் கணக்கிடலாம். பத்து வினாக்களின் கூட்டுத்தொகையில் அதுவும் இல்லை. 5700 என்ற எண்ணின் பின்னே ஆறு சரியான விடைகள் நிற்கின்றனவா பத்து நிற்கின்றனவா என்பதை அந்த எண் சொல்லாது.

விதி யாவருக்கும் முன்கூட்டியே தெரியும், யாவருக்கும் பொது, எனவே அநீதி இல்லை என்ற வாதமும் உண்டு. விளையாட்டு என்ற அளவில் அது வலுவான வாதம். சதுரங்கத்தில் குதிரை ஏன் வளைந்து பாய்கின்றது என்று முறையிடுவார் இலர். ஆனால் பொதுவான விதி எல்லோர்மீதும் ஒரேவிதமாக விழுவதில்லை என்பதற்கு மாளிகாவத்தையை விட்டு வெகுதூரம் செல்லவேண்டியதில்லை.

2020 மார்ச் மாதத்தில் நோய்த்தொற்றின் காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் பாடங்கள் பெரும்பாலும் சூமிலும் வட்ஸ்அப்பிலும் நடந்தன. தொடர்மாடி வீடொன்றில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொலைபேசி இருக்கின்றது எனக் கொள்க. வினாவைக் காட்டும் சூம் வகுப்பும் அதிலேயே. விடைக்கான பொத்தானும் அதிலேயே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்பொழுது இரண்டு மூன்று செக்கன் போய்விடும். டேட்டா தளர்ந்தால் ஆசிரியரின் திரையே பிந்தித்தான் வந்துசேரும். பக்கத்தில் தம்பி தன் வகுப்புக்குத் தொலைபேசியைக் கேட்டு நிற்பான். அதே வேளையில் வேறோர் இடத்தில், மடிக்கணினியில் வினாவும் கையில் பொத்தானுமாக, மூடிய அறைக்குள் இருக்கும் மற்றொரு பிள்ளைக்கு இவை எதுவும் தடையல்ல. இருவரும் ஒரே கணத்தில் விடையை அறிந்திருக்கலாம். இடையில் ஐந்து செக்கன் கழிந்தால் 125 புள்ளி குறையும். அந்த 125 புள்ளி எவருடைய குறை? பிள்ளையின் மூளையினதா, இணைப்பினதா, வீட்டினதா? ஏட்டில் அது பிள்ளையின் பெயருக்கு நேரேதான் எழுதப்படுகின்றது.

மொழியின் பங்கும் சிறிதன்று. மாளிகாவத்தையின் பிள்ளைகள் தமிழிலும் சிங்களத்திலும் கற்கின்றனர். ஆங்கில மொழிமூலம் கற்போரும் உளர். வீட்டில் பேசும் மொழி ஒன்றாகவும் பாடமொழி வேறாகவும் அமைந்த பிள்ளைகள் அங்கு அரியரல்லர். ஆங்கிலத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் வினாக்கோவையொன்றை ஆசிரியர் அப்படியே எடுத்தாளும்பொழுது, வினாவை மனத்துக்குள் மொழிபெயர்த்த பின்னரே விடையைத் தேடும் பிள்ளைக்கும் அதே இருபது செக்கன்தான். ஒளித்தொகுப்பைப் பற்றிய வினாவில் அப்பிள்ளை இழக்கும் புள்ளி ஒளித்தொகுப்பைப் பற்றியதன்று.

அதே 2020ஆம் ஆண்டு மே 21ஆம் திகதி, நோன்புப் பெருநாளுக்குச் சில நாட்களுக்கு முன், மாளிகாவத்தையில் தனியார் ஒருவர் ஏழைகளுக்குப் பண உதவி வழங்கிய இடத்தில் ஏற்பட்ட நெரிசலில் சிக்கி மூன்று பெண்கள் உயிரிழந்தனர். மேலும் சிலர் காயமுற்றனர். வேலை முடங்கி, நகரம் அடைக்கப்பட்டிருந்த நாட்கள் அவை. ஒரு பிள்ளை விளையாட்டைப் பற்றிய ஆராய்ச்சியில் அத்துயரைக் கொண்டுவருதல் மிகையெனத் தோன்றலாம். அங்கு நடந்தவற்றின் பொறுப்பை நிறுத்துப் பார்ப்பதும் இங்கு நோக்கமன்று. ஆனால் முந்தியவருக்கு உண்டு, பிந்தியவருக்கு இல்லாது போகலாம் என்ற அச்சம் மனிதரை என்ன செய்யும் என்பதை அந்த ஊர் அறியும். பகிரப்படும் பொருள் அரிதாக இருக்குமிடத்தில்கூட, விரைவைத் தகுதியாக்குவது வலுவற்றவரையே முதலில் வீழ்த்துகின்றது. அதனாலன்றோ நிவாரணம் வழங்குவோர் அட்டையும் இலக்கமும் வரிசையும் ஏற்படுத்துகின்றனர்!

வகுப்பறைக்கு வருவோம். அங்கு பகிரப்படும் பொருள் எது? சரியான விடை. அது அரிய பொருளா? முப்பது பிள்ளைகளுள் ஒருவர் சரியாக விடையளிப்பதனால் மற்ற இருபத்தொன்பது பேருக்கும் எஞ்சுவது குறைந்துவிடுகின்றதா? கல்வி கொடுக்கக் குறையாது என்பது தமிழ்ப் பிள்ளை அரிச்சுவடிக் காலத்திலேயே கேட்கும் செய்தி. முப்பது பேரும் சரியாக விடையளித்தால் ஆசிரியருக்கு அது நல்ல நாள். ஆனால் விளையாட்டுக்கு அது கெட்ட நாள். முப்பது பேரும் சமமாயின் மேடையில் ஏற்றுவதற்கு மூவர் அகப்படமாட்டார். எனவே குறையாத பொருளைக் குறைவுள்ளதாக்க ஓர் உபாயம் தேவைப்படுகின்றது. அந்த உபாயமே செக்கன். அறிவில் இல்லாத முன்பின்னைக் கடிகாரத்திலிருந்து கடன்வாங்கி, வரிசையொன்று ஆக்கப்படுகின்றது. கஹூட்டின் புள்ளிமுறையில் வேகத்துக்குரிய பணி அறிவை அளப்பதன்று என்பதும், சமனை உடைப்பதே என்பதும் இங்கு புலனாகும்.

சமனை உடைத்தே ஆகவேண்டிய இடங்கள் உலகில் உண்டு. பல்கலைக்கழக அனுமதி அவற்றுள் ஒன்று. இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. புள்ளிமுறை நடுநிலையான கணிதம் மாத்திரமன்று என்பதை இந்நாட்டுத் தமிழ் மாணவருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 1970களின் முற்பகுதியில் மொழிவழியாகவும் பின்னர் மாவட்டவழியாகவும் வந்த தரப்படுத்தலின் நினைவு இன்னும் ஆறவில்லை. 2001 முதல் நடைமுறையிலுள்ள இசட் புள்ளி முறையும் வழக்கு மன்றத்தைக் கண்டது. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிகளை மீளக் கணிக்குமாறு உயர்நீதிமன்றம் 2012இல் பணித்தது. இவ்வளவு போட்டியும் பூசலும் நிறைந்த அந்தப் பரீட்சையில்கூட விரைவுக்குத் தனிப் புள்ளி இல்லை என்பது கவனிக்கத்தக்கது. பௌதிகவியலின் பல்தேர்வு வினாத்தாளில் ஐம்பது வினாக்கள், இரண்டு மணித்தியாலம். ஒரு மணித்தியாலத்தில் முடித்தவருக்கும், இறுதி மணி ஒலிக்கும்வரை எழுதியவருக்கும் சரியான விடைக்கு ஒரே புள்ளி. நேரம் அங்கு ஓர் எல்லை. எல்லைக்குள் எவ்வாறு நடப்பதென்பது பரீட்சார்த்தியின் உரிமை. தலைவிதியைத் தீர்மானிக்கும் பரீட்சை அளிக்கும் அந்த உரிமையை, வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஆடப்படும் விளையாட்டொன்று மறுப்பது விந்தையே. இந்தியாவின் மருத்துவ நுழைவுத் தேர்வில் பிழையான விடைக்கு ஒரு புள்ளி கழிக்கப்படுகின்றது. அங்கு குருட்டாம்போக்கில் துணிவதற்கு விலை உண்டு, தயங்குவதற்கு இல்லை. வினாவிளையாட்டில் இது தலைகீழ்.

தொலைக்காட்சிப் போட்டிகளும் இவ்விடயத்தில் சற்று நிதானம் காட்டியுள்ளன. 1998இல் பிரித்தானியாவில் தொடங்கிப் பல நாடுகளுக்கும் பரவிய கோடீஸ்வரர் போட்டியில், விரைவு வினா வாசலில் மாத்திரமே இருந்தது. பத்துப் பேரில் எவர் உள்ளே செல்வதென்று தீர்ப்பதோடு அதன் பணி முடிந்தது. ஆசனத்தில் அமர்ந்த பின், போட்டியாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நெடுநேரம் யோசிப்பதைக் காண்பதே பார்வையாளருக்கு இன்பமாயிற்று. சிந்திக்கும் மனிதரைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு விறுவிறுப்பு என்பதை வணிகத் தொலைக்காட்சி கண்டறிந்தது. வகுப்பறைக்காகச் செய்யப்பட்ட விளையாட்டு அதனைக் கண்டறியாதது வியப்பு.

கஹூட்டின் பின் வந்த வேறு சில விளையாட்டுகள் வேறு அளவுகோல்களைக் கைக்கொண்டன. அமெரிக்காவில் உயர்பாடசாலை மாணவர் ஒருவர் தொடங்கிய கிம்கிட்டில் சரியான விடைக்குப் பணம் கிடைக்கும். அப்பணத்தைக் கொண்டு அடுத்த விடைகளின் வருமானத்தைப் பெருக்கும் வசதிகளை வாங்கலாம். முதலில் முன்னேறியவருக்கு மேலும் முன்னேறுதல் எளிது. உலகப் பொருளாதாரத்தை இவ்வளவு சுருக்கமாகக் கற்பிக்கும் பாடநூல் வேறில்லை. ஆயின் கணிதப் பாடத்தின் பெயரால் அது கற்பிக்கப்படுவதுதான் சங்கடம். புளூக்கெட் என்னும் விளையாட்டின் தங்க வேட்டையிலோ, சரியாக விடையளித்தவர் மூன்று பெட்டிகளுள் ஒன்றைத் திறக்கின்றார். தங்கம் கிடைக்கலாம், ஒன்றும் இல்லாது போகலாம், உள்ளதும் குறையலாம், மற்றொருவரின் தங்கத்தைப் பறிக்கும் வாய்ப்பும் வரலாம். வகுப்பில் மிகக் குறைவாக அறிந்த பிள்ளை கடைசி நிமிடத்தில் முதலிடத்துக்கு வந்துவிடலாம்.

மேலோட்டமாக நோக்கின், சூதுக்கு அண்மித்த இந்த மூன்றாவது முறையே மிக இழிந்ததாகத் தோன்றும். உண்மையில் அது கஹூட்டைவிட ஒரு வகையில் இரக்கமுள்ளது. பெட்டியில் காற்று வந்ததனால் தான் அறிவிலி என்று எந்தப் பிள்ளையும் கருதாது. அதிர்ஷ்டம் தன்னை அதிர்ஷ்டம் என்றே அறிமுகம் செய்துகொள்கின்றது. விரைவு அவ்வாறன்று, அது தகுதியின் உடையில் வருகின்றது. இருபத்தெட்டாவது இடம் என்று தன் கைத்தொலைபேசியில் கண்ட பிள்ளை, அவ்விலக்கத்தில் எவ்வளவு அறியாமை, எவ்வளவு தயக்கம், எவ்வளவு டேட்டாக் குறைவு என்று பகுத்துப் பார்க்காது. தான் இருபத்தெட்டாவது என்றே எடுத்துக்கொள்ளும். முன்னணி ஐவரின் பெயர்களே பொதுத்திரையில் காட்டப்படுவதால் ஏனையோர் அவமானத்திலிருந்து காக்கப்படுகின்றனர் என்பர். அதுவும் உண்மையே. தனிமையில் அறிந்துகொள்வது எளிதா கடினமா என்பது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும்.

இவ்விடத்தில் பழி முழுவதையும் கருவியின் தலையில் சுமத்துவதும் நேர்மையன்று. கஹூட்டிலேயே வினாவொன்றுக்குப் புள்ளி இல்லையென்று அமைக்க இயலும். நேரத்தை நீட்ட இயலும். நேரக் கணக்கை நீக்கி மாணவர் தத்தம் வேகத்தில் செய்யும் பயிற்சியாகவும் கொடுக்க இயலும். 2015இல் பெங்களூரில் தொடங்கி, 2025இல் வேகிரவுண்ட் எனப் பெயர் மாற்றப்பட்ட குவிசிஸ், வினாவையும் விடைகளையும் ஒவ்வொரு மாணவரின் திரையிலேயே காட்டி அவரவர் நடையில் செல்லவிடும் முறையால் அறியப்பட்டது. ஆகவே கேள்வி கருவிக்கு அப்பால் ஆசிரியரிடம் வந்து நிற்கின்றது. ஆனால் ஆசிரியரும் முப்பது நாற்பது பிள்ளைகளைத் திரைக்கு அப்பாலிருந்து விழித்திருக்கச் செய்ய வழிதேடியவரே. கருவி எந்த அமைப்போடு கையில் வருகின்றதோ அந்த அமைப்போடே அது பயன்படுத்தப்படுகின்றது. பலருக்கு அந்தப் பொத்தான் இருப்பதே தெரிந்திராது.

விளையாட்டு விளையாட்டாக நிற்கும்வரை, விரைந்தவர் வெல்வதில் குற்றம் காண்பது கடினம். ஆட்டம் முடிந்து ஆசிரியர் தம் ஏட்டைத் திறந்து, 5700 என்றும் 5500 என்றும் பாடத்துக்கு நேரே எழுதும் கணத்தில்தான் பொருள் மாறுகின்றது. அதுவரை ஆட்டக்காரர்களாக இருந்தோர் அக்கணத்தில் பரீட்சார்த்திகளாகின்றனர். எந்த விதிக்கு உடன்பட்டு ஆடினார்களோ, அதற்கு ஆட்டக்காரர்களாகவே உடன்பட்டனர். அந்த உடன்பாட்டைப் பரீட்சைக்கும் செல்லுபடியாக்க ஆசிரியருக்கு உரிமை இல்லை. பெற்றோர் கூட்டத்தில் அந்த எண் வாசிக்கப்படும்பொழுது, மாளிகாவத்தையின் தாயொருவர் கேட்கக்கூடிய கேள்வி எளியது: என்னுடைய மகளுக்குப் பாடம் விளங்கியதா இல்லையா? 5500 என்பது அக்கேள்விக்கு விடையாகாது. பத்துக்குப் பத்து என்பது விடையாகும். இவ்வளவுக்கும் கஹூட் தரும் அறிக்கையில் எத்தனை விடை சரி என்ற எண்ணிக்கையும் இருக்கின்றது. ஆரவாரமின்றி ஒரு நிரலில், எவரும் மேடையேற்றாத எண்ணாக.

விரைந்த பிள்ளைக்கும் இவ்வழக்கில் ஒரு பேச்சு உண்டு. அதனைக் கேளாது முடித்தல் தகாது. வகுப்பில் வேறெதிலும் முன்னிற்காத, எழுத்தில் பிழைவிடும், நீண்ட வினாத்தாளில் சோர்ந்துபோகும் ஒரு சிறுவன், வினாவைக் கண்டவுடன் தாவும் கண்ணும் விரலும் உடையவனாக இருக்கலாம். அவனுக்கு அந்த மேடை ஆண்டில் ஒருமுறை கிடைக்கும் மேடை. நேரக் கணக்கை முற்றாக நீக்கினால், அவனிடமிருந்து பறிக்கப்படுவது சிறிய பொருளன்று. தயங்கும் சிறுமியின் நியாயத்துக்காகத் தாவும் சிறுவனின் மகிழ்ச்சியைப் பலியிடவேண்டிய கட்டாயம் உண்மையில் இருக்கின்றதா என்பதும் எண்ணிப்பார்க்கத்தக்கது. ஒரே வினாக்கோவையை இருமுறை ஆடலாம். முதல் முறை கடிகாரத்தோடும் இசையோடும் மேடையோடும். மறுமுறை, சில நாட்களின் பின், நேரமின்றி. ஏட்டில் எழுதுவது இரண்டாவதை மாத்திரம். முதலாவதில் வென்ற சிறுவனுக்குக் கைதட்டல் கிடைத்துவிட்டது. இரண்டாவதில் அவனும் பத்துக்கு எத்தனை என்று, எந்தச் செக்கனும் கூட்டாமலும் குறைக்காமலும், தன் எண்ணைக் கண்டுகொள்வான். பதினெட்டாவது செக்கனில் அழுத்திய சிறுமியும் அப்படியே.